எர்த் அடித்த தண்ணீர்

“சித்தி, இப்பப் பாருங்க” என்று தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிச் சொன்னாள் தாரிகா. இது ஒன்பதாவது தடவை. எண்ணவேண்டும் என்று கலாமணி அங்கே உட்காரவில்லை, அடுப்பில் குக்கர் விசில் போவது வேறு வேலையில் இருந்தாலும் மனசுக்குள் எண்ணப்பட்டுவிடுகிற மாதிரி அது தன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி ஒன்பது தடவை. அம்மா ஒரு தடவை, அதுவும் காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் “அம்மா, என் மஞ்ச டிரெஸ் கொண்டாந்தியா” என்று கேட்டதோடு சரி. பெற்றவள் நீச்சல்குளத்துப் படியில் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வயசுப் பெண் முங்கி எழுந்து முகத்து நீரை வழித்துவிட்டு முதலில் தேடுவது அந்தப் பக்கம், மார்பளவுத் தண்ணீரில் நிற்கிற மோகனாவை. மோகனா கலாமணிக்கு ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டியவள், எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். கருப்பு நீச்சல் உடை போட்டிருந்தாள். கை முழங்கை வரை இருந்தது, கால் முழங்கால் வரை இருந்தது, சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கலாமணி மூன்று தடவை பார்த்துவிட்டாள். மே மாசம் லீவு விட்டதும் போனில் கூப்பிட்டு, “பாப்பாவை அனுப்பி வைங்கக்கா, ஒரே வாரத்துல நீச்சல் கத்துக் குடுத்தர்றேன், எங்க அப்பார்ட்மெண்ட்லயே பூல் இருக்குதல்ல” என்று கேட்டது இவள்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று கலாமணி வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அவள் கணவன் சுந்தரம், “அதுக்கென்ன, நாளைக்கே கொண்டாந்து உடறேன்” என்று சொல்லிவிட்டான். கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு எவ்வளவு தூரம், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வாரம் வீட்டில் டிவி சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. முதல் நாள் பெண் போனில் இருபது நிமிஷம் பேசினாள், இரண்டாம் நாள் பத்து, நாலாம் நாள் “அம்மா, அப்புறம் பேசறேன், சித்தி கூப்புடறாங்க” என்று வைத்துவிட்டாள். சித்தி கூப்பிடுகிற சத்தம் எதுவும் போனில் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்றைக்குப் பெண்ணைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். சுந்தரமும் தம்பி சங்கரும் பிரியாணி வாங்கப் போயிருந்தார்கள், பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறோம் என்று போனவர்கள் அரை மணியாகக் காணோம். அப்பார்ட்மெண்டில் பாதிப் பேர் எதிர் பிளாக்கில் யாரோ வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் வேறு இல்லை, பராமரிப்பு வேலையாம். அதனால் அந்தப் பெரிய நீலத் தண்ணீரில் இவர்கள் இரண்டு பேர் மட்டும், கரையில் கலாமணி மட்டும். “நீங்களும் எறங்குங்கக்கா, இந்தப் பக்கம் ஆழமே இல்லை” என்று மோகனா இரண்டு தடவை கூப்பிட்டாள். இவளுடைய குரலில்கூட ஒரு கோணல் கிடையாது. கோணல் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷமும் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டிருந்திருக்கலாம். கலாமணிக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கி அனுப்பியவள். அந்தச் செருப்புதான் இப்போது பக்கத்தில் ஜோடியாகக் கிடக்கிறது, அதைப் போட்டால்தான் கால் வலிக்காமல் இருக்கிறது, அதைப் போடும்போதெல்லாம் வாங்கிக் கொடுத்தவள் ஞாபகம் வருகிறது. நல்லவள் மேல் வருகிற பொறாமைக்கு உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டே இருக்கிறது. பெண்ணைத் தண்ணீரிலிருந்து வெளியே வரவைக்கக் கலாமணி அரை மணி நேரமாகப் பார்த்தாள். “வெயில் ஏறிப்போச்சு கண்ணு” என்றாள். “சித்தி சன்ஸ்கிரீன் போட்டு உட்டிருக்காங்க” என்று பதில் வந்தது. “காதுல தண்ணி போயிரும்” என்றாள். காதில் வைத்திருந்த ரப்பர் அடைப்பானைத் தாரிகா தொட்டுக் காட்டினாள். “பசிக்கலியா” என்றாள். பெண் முங்கிவிட்டாள். மூன்று காரணம் சொல்லி மூன்றும் தீர்ந்துபோயிற்று. நாலாவதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள், அது தெரிந்துதான் தேடினாள், ஏன் தேடுகிறோம் என்பதும் தெரிந்திருந்தது. தண்ணீருக்குள் மோகனாவின் கை தாரிகாவின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அந்த வயிற்றைத்தான் கலாமணி ஐந்து வயசு வரை விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டிருக்கிறாள். கையை மெல்ல எடுக்கிறாள் மோகனா, பெண் அப்படியே மிதக்கிறாள், தான் மிதப்பது அவளுக்கே தெரியவில்லை, தெரிந்ததும் சிரிக்கிறாள், கோபியில் அந்தச் சிரிப்பைக் கலாமணி பார்த்ததே இல்லை. இந்தப் பெண்ணிடம் இப்படி ஒரு சிரிப்பு இருந்திருக்கிறது, தனக்குக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள்.

அப்போது கரண்ட் வந்தது. மேல் மாடிகளில் எங்கோ குழந்தைகள் “கரண்ட் வந்துருச்சு” என்று கத்தின, ஒரு மிக்ஸி ஓட ஆரம்பித்தது, குளத்துக்குப் பின்னால் நீலக்கதவு போட்ட மோட்டார் ரூமில் உர்ரென்று ஒரு சத்தம் எழுந்து சீரானது, எதிர்க்கோடியில் கல் அடுக்கிக் கட்டியிருந்த சுவரிலிருந்து பாதியில் நின்றுபோயிருந்த அருவி சலசலவென்று விழத் தொடங்கியது. அதற்குக் கீழே, தண்ணீருக்குள் சுவரில் பதித்திருந்த வட்ட விளக்கும் எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியவில்லை, உற்றுப் பார்த்தால் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். தாரிகா கை தட்டினாள். கலாமணியும் அருவியைப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது, இந்த மாதிரி இடத்தில் ஒரு வாரம் இருந்த பிள்ளைக்குத் தோட்டத்து வீட்டில் என்ன பிடிக்கும் என்று நினைத்தாள், அந்த நினைப்பு முடிவதற்குள் பாதத்தில் ஊசி குத்தியது. ஒரு ஊசி இல்லை, நிறைய, பொடிப்பொடியாக, பாதத்திலிருந்து கணுக்கால் வரை. இது புதுசு இல்லை. இரண்டு வருஷமாக அவள் பாதம் அவள் பேச்சைக் கேட்பதில்லை. திடீரென்று மதமதக்கும், திடீரென்று எறும்பு ஊரும், ராத்திரி போர்வை பட்டால் எரியும். நரம்பும்மா, சர்க்கரையைக் குறைங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் மாத்திரை போட்டோமா என்று யோசித்தாள். போட்டிருந்தாள். போட்டும் இப்படி. பார்த்துக்கொண்டே இருந்ததில் வயிறு எரிந்தது கால் வரைக்கும் இறங்கிவிட்டதோ என்று தோன்றி, தனக்குள் ஒரு தரம் சிரித்துக்கொண்டாள். உடம்பில் இவ்வளவு பொறாமை இருந்தால் சர்க்கரை எப்படிக் குறையும்.

ஆனால் ஊசி விடவில்லை. சர்க்கரையின் ஊசி வரும், போகும், அதற்கு ஒரு ஒழுங்கு கிடையாது. இது ஒரே சீராகத் துடித்தது, கடிகாரம் மாதிரி, அதைவிட வேகமாக. காலை வெளியே எடுத்தாள். நின்றது. மறுபடி விட்டாள். வந்தது. பக்கத்திலிருந்த இரும்புக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தபோது உள்ளங்கையில் சுருக்கென்றது, கையை எடுத்துக்கொண்டாள். இந்தச் சுருக்கு அவளுக்குத் தெரியும். வேறெங்கேயோ தெரியும். கொஞ்ச நேரம் அது எங்கே என்று பிடிபடவில்லை, பிறகு அரிசி ஊறின வாசனையோடு ஞாபகம் வந்தது. மாமியார் வீட்டுக் கிரைண்டர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அது எர்த் அடித்தது. மாவை வழிக்கப் பாத்திரத்தில் கை வைத்தால் முழங்கை வரை ஜிவ்வென்று ஏறும். மாமியாரிடம் சொன்னாள், “ஈரக்கையோட தொட்டா அப்படித்தான்” என்றார்கள். சுந்தரத்திடம் சொன்னாள், “செருப்பைப் போட்டுக்கிட்டு அரை” என்றான். ஆறு வருஷம் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மாவைத் தள்ளினாள். மோகனா வந்த மூன்றாம் நாள் கிரைண்டரைத் தொட்டுவிட்டு, “அத்தை, இது எர்த் அடிக்குதுங்க” என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். புதுப்பெண் சொன்னால் எர்த், இவள் சொன்னால் ஈரக்கை. அந்த எலக்ட்ரீஷியன் வயரைப் பிரித்துக் காட்டி, எலி கடிச்சிருக்குதும்மா, இத்தனை நாள் யாரையும் போட்டுத் தள்ளாமல் இருந்ததே பெருசு என்று சொல்லிவிட்டு, சமையலறை வாசலில் நின்றிருந்த கலாமணியைப் பார்த்து, “யாரையாச்சும் கரண்ட் புடிச்சுக்கிச்சுன்னா ஓடிப்போய்த் தொட்டறாதீங்க. தொட்டா உங்களையும் சேத்துப் புடிச்சுக்கும். மொதல்ல மெயினை எறக்கோணும், மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். அவர் தன்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்பது கலாமணிக்கு நன்றாக ஞாபகம். அந்த வீட்டில் ஆறு வருஷத்தில் கிரைண்டரைப் பற்றி அவளிடம் மதித்துப் பேசிய ஒரே ஆள்.

சொல்லலாமா. மோகனா, தண்ணி எர்த் அடிக்குது என்று சொல்லவேண்டும், நாலு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு முழுசாகத் தெரிந்தது, படம் பார்ப்பது போலத் தெரிந்தது. மோகனா உடனே கரைக்கு வருவாள், குனிந்து இவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள், “அக்கா, அது சுகர்னாலங்கக்கா, காலையில மாத்திரை போட்டீங்களா” என்று கேட்பாள், உண்மையான அக்கறையோடு கேட்பாள், அதுதான் தாங்காது. தாரிகா கண்ணை உருட்டி, “அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம் சித்தி” என்பாள். இரண்டு பேரும் ஒரு பக்கம் நின்று இவளைப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள்ளேயே இருக்கிற இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லையே, முழு உடம்பும் நனைந்தவர்களுக்குத் தெரியாதது இரண்டு பாதம் நனைத்தவளுக்கா தெரியும். அதோடு இன்னொன்று. அரை மணியாகக் காரணம் தேடியவளுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அது இவ்வளவு சரியாகக் கிடைத்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பெண்ணை அவளிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதில் காலே ஒரு பொய்யை உண்டாக்கிக் கொடுத்துவிட்டதா. வெயில், காது, பசி, இப்போது கரண்ட். முதல் மூன்றும் பொய் என்று அவளுக்கே தெரியும், நாலாவதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மோகனா திரும்பி, “அக்கா, தண்ணி காலுக்கு எப்படி இருக்குதுங்க” என்று கேட்டாள். கேட்டவளின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். கலாமணி பார்த்தது, தாரிகாவின் தோளில் இருந்த அந்தக் கையை. “நல்லாத்தான் இருக்குது” என்றாள். சொல்லிவிட்டுக் காலை வெளியே எடுத்துக் கல்லில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டதும் பயம் வந்தது. தன் காலை எடுத்துக்கொண்டாயே, பெண் உள்ளேதானே இருக்கிறாள். இதோ, இப்போது சொல்லிவிடலாம், சும்மா, சமாதானமாக, ஏறிக் கொஞ்சம் உட்காருங்க, பிரியாணி வந்துரும் என்று ஆரம்பிக்கலாம். வார்த்தையை அவள் வாய்க்குள் சரிசெய்துகொண்டிருந்தாள், கோபமாகவும் கேட்கக் கூடாது, பயமாகவும் கேட்கக் கூடாது, இப்படிக் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு எத்தனையோ நாள் அவள் அந்தக் கொஞ்ச நேரத்தை அளந்து பார்த்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும் என்று தோன்றும். சில நாள் பதினைந்து என்று தோன்றும்.

“சித்தி, அருவிக்குப் போலாம்” என்றாள் தாரிகா. மோகனா ஒரு கணம் தயங்கினாள், பிறகு “நான் முன்னால போறேன், நீ பின்னால வா, நான் சொன்னா மட்டும் வா” என்று நீந்தினாள். அவள் நீந்துவதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தால்கூடப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது, தண்ணீரைக் கிழிக்காமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போனாள். முப்பத்திமூன்று வயசு, கல்யாணத்துக்கு முன்னால் காலேஜில் கப்பு வாங்கியவளாம், அந்தக் கப்பும் மேலே நாலாவது மாடியில் ஷோகேஸில் இருக்கிறது, தாரிகா காலையில் முதல் வேலையாக அதைத்தான் எடுத்துக் காட்டினாள், தன்னுடையது மாதிரி. அருவிக்குக் கீழே, அந்த வட்ட விளக்குக்குப் பக்கத்தில் போனதும் மோகனா நின்றாள். ஒரு கை முன்னால் நீட்டியபடியே நின்றது. தாரிகா அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்துவிட்டிருந்தாள். மோகனாவின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விளையாடுகிறாள் என்று கலாமணி நினைத்தாள், மூச்சுப் பிடித்துக் காட்டுகிறாள், இன்னும் என்னென்ன வித்தையோ. அடுத்த கணம் மோகனா மடங்கியிருந்த இன்னொரு கையை எப்படியோ இழுத்துப் பெண்ணின் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். மெல்ல இல்லை, பலமாக, வேண்டாதவளைத் தள்ளுகிற மாதிரி. தாரிகா மல்லாந்து முங்கி, வாயெல்லாம் தண்ணீராக எழுந்து, இருமி அழ ஆரம்பித்தாள். கலாமணி எழுந்து நின்றுவிட்டாள். என் பிள்ளையைத் தள்ளுகிறாள். நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறாள். குபுகுபுவென்று கோபம் வந்தது, கோபத்துக்கு உள்ளே இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், சந்தோஷம் இருந்தது. எட்டு வருஷம் காத்திருந்த ஒன்று கைக்குக் கிடைத்த சந்தோஷம். இதோ பார், பார்த்தாயா சித்தியை, என்று பெண்ணிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அவள் அந்தச் சந்தோஷத்தில் நின்றாள். அப்புறம்தான் மோகனாவின் கண்ணைப் பார்த்தாள். திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. கழுத்து விறைத்திருந்தது. அவ்வளவு நன்றாக நீந்துகிறவள் கையைக் காலை ஒரு உதைகூட உதைக்காமல் அப்படியே நிமிர்ந்தபடி தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். “அம்மா” என்றாள் தாரிகா, “தண்ணி கடிக்குதும்மா.”

கலாமணி படியில் இறங்கினாள். ஒரு படி, இரண்டு படி. மூன்றாவது படியில் தண்ணீர் முட்டியைத் தொட்டதும் இரண்டு தொடையையும் யாரோ உள்ளேயிருந்து பிடித்து முறுக்கினார்கள், கால் அடுத்த அடி வைக்க மறுத்தது. மெயினை எறக்கோணும், மத்ததெல்லாம் அப்புறம். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக்கூட இல்லை. பின்னுக்குச் சாய்ந்து கல்லில் விழுந்து புரண்டு எழுந்தாள். “பாப்பா, சித்திகிட்டப் போகாத. கம்பியைத் தொடாத. இந்தப் பக்கமா வந்து கல்லைப் புடிச்சு ஏறு” என்று கத்திவிட்டு, பெண் ஏறுகிறாளா என்று பார்க்காமல் முதுகைக் காட்டி ஓடினாள். பெண்ணைத் தண்ணீரில் விட்டுவிட்டு முதுகைக் காட்டி ஓடுகிறோம் என்பது ஓடுகிற ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. நீலக்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு, சூடு, மோட்டாரின் இரைச்சல், சுவர் முழுக்கச் சுவிட்சு, எது எது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. ஈரச் சேலையோடு நிற்கிறோம் என்று ஒரு பயம் வந்தது, வந்த பயத்தோடு முந்தானையின் காய்ந்த நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள், பெரிதாக இருந்த பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள், பிறகு கைக்கு எட்டிய அத்தனையையும் கீழே தள்ளினாள். இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. வெளியே அருவி நின்றது. அந்த அமைதிக்குள் தாரிகா அழுவது கேட்டது, கரையிலிருந்து கேட்டது. குளத்தருகே திரும்பி வந்தபோது பெண் கல்லின்மேல் குந்தி நடுங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு மேலே மோகனாவைக் காணோம், விளக்குக்குக் கீழே கருப்பாக ஒரு நிழல், அவிழ்ந்த முடி மட்டும் அசைந்தது. கலாமணிக்கு நீச்சல் தெரியாது. அங்கே ஆழம் தலைக்கு மேல். இங்கே நீந்தத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான், அதுவும் ஒரு வாரமாக. அனுப்பலாமா. எல்லாம் அணைந்துவிட்டதா, ஒன்றை விட்டுவிட்டேனா. காலை விட்டுப் பார்த்தாள், ஊசி இல்லை, ஆனால் இந்தக் காலை நம்பலாமா, இருப்பதை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் சொல்கிற கால். இடுப்பு வரை இறங்கினாள், இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீரில் முக்கினாள், ஈரக்கையோடு இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஒன்றுமில்லை. கம்பி வெறும் கம்பியாக இருந்தது. “போ பாப்பா” என்றாள், “இப்ப ஒண்ணும் செய்யாது. அம்மா புடிச்சுப் பாத்துட்டேன். போய் சித்தியைப் புடி.”

தாரிகா போனாள். வயிற்றுக்கு அடியில் யார் கையும் இல்லாமல் போனாள். முங்கினாள், எழுந்தாள், மறுபடி முங்கினாள், முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கழுத்தளவு வரை இறங்கியிருந்த கலாமணி கைக்கு எட்டியதும் மோகனாவின் தோளைப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் படிக்கு இழுத்தாள். அதற்குள் அழுகைச் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார், பட்டாளத்தில் இருந்தவர். மோகனாவைக் கல்லில் கிடத்தி நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார், வாயோடு வாய் வைத்து ஊதினார், மறுபடி அழுத்தினார். கலாமணி பார்த்துக்கொண்டு நின்றாள், போயிடாத, போயிடாத என்று சொல்லிக்கொண்டிருந்தாள், செத்துப்போனால் பாப்பா சாகிறவரைக்கும் இவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள், நான் எத்தனை செய்தாலும் ஈடாகாது என்ற நினைப்பும் அதற்கு நடுவிலேயே வந்தது, அதையும் அவள் கேட்டாள், தன் மனசுதான் அதைச் சொல்கிறது என்று அவளால் நம்ப முடியவில்லை. எத்தனையாவது அழுத்தலிலோ மோகனா ஒருக்களித்துத் தண்ணீரைக் கக்கினாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள். விளக்குக்குப் போகும் வயர் உள்ளே விண்டிருந்ததாம். கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் கருவி ஒன்று அந்தப் போர்டில் இருந்திருக்கிறது, அது அடிக்கடி விழுகிறது, அருவி நின்று நின்று போகிறது என்று போன மாசம் யாரோ அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி கரண்ட் ஆளைத் தூக்கி எறியாது, தசையைக் கட்டிப் போட்டுவிடும், எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் கல் மாதிரி இறங்கிவிடுவார், பார்க்கிறவர்களுக்குச் சாதாரணமாக மூழ்கின மாதிரிதான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். காப்பாத்தக் குதிச்சிருந்தா ரெண்டு பேர், நீங்க மெயினை அணைச்சீங்க பாருங்க, அதுதான் என்று கலாமணியைக் காட்டிச் சொன்னார். சுந்தரம் முதல் தடவையாக அவளைப் பெருமையாகப் பார்த்தான். பதினாலு வருஷத்தில் அவள் எதிர்பார்த்திருந்த பார்வை, கிடைத்தபோது வேறெங்காவது பார்க்க வேண்டும் போல் இருந்தது. இதயத் துடிப்பைப் பார்க்க ஒரு நாள் வைத்திருக்க வேண்டும், கூட ஒருத்தர்தான் தங்கலாம், யார் என்று நர்ஸ் கேட்டாள். “நான்” என்றாள் தாரிகா. “நான் இருக்கறேன்” என்றாள் கலாமணி. சங்கர் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை அவளிடம் கொடுத்தான். போவதற்கு முன்னால் தாரிகா கட்டிலில் குனிந்து சித்தியின் காதில் என்னவோ சொன்னாள், நீளமாகச் சொன்னாள், மோகனா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்புறம் பெண் அம்மாவை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அழுது முடித்த முகத்தோடு அப்பாவுடன் போனாள். கட்டிக்கொண்டாள்தான். இருந்தாலும் காதில் ஒன்றும் சொல்லவில்லை.

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மோகனாவின் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது, நெஞ்சில் வயர் ஒட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு பெட்டியில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. கலாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பாப்பா என்ன சொன்னா” என்று கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். “சும்மாங்கக்கா” என்றாள் மோகனா. குரல் கரகரத்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க இல்லைன்னா நான் இல்லீங்க” என்றாள். இதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். கலாமணி போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது, அவள் பாதத்துக்கு மட்டும்தான் தெரியும். எல்லோருக்கும் அவள் மெயினை அணைத்தவள், அப்படியே இருந்துவிடலாம், பாப்பா வளர்ந்து தன் பிள்ளைகளுக்குச் சொல்வாள், எங்கம்மா ஓடிப்போய் அணைச்சாங்க என்று. “எனக்கு முன்னாலயே தெரியும்” என்று அவள் வாய் சொன்னது. “எர்த் அடிச்சுது. காலுல. கம்பியில கை வச்சேன், அதுலயும். நீ கேட்டப்பவும் தெரியும். சொல்லலை.” மோகனா திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது, உன் கை அவள் தோளில் இருந்தது என்றா. மோகனா கேட்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தாள், கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குப் போயிற்று. “எனக்கும் அடிச்சுதுங்கக்கா” என்றாள். “சுருக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் சொன்னா பாப்பா மேல ஏறிக்குவா. ஏறினா டிரெஸ் மாத்திட்டு, சாப்பிட்டுட்டு, நீங்க கூட்டிட்டுப் போயிருவீங்க. மதியம் வரைக்கும்தான எனக்கு. இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நெனச்சேன். உங்களைக் கேட்டப்ப நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னீங்க, அப்ப எனக்குத்தான் என்னமோன்னு விட்டுட்டேன்.”

அறைக்கு வெளியே சுந்தரம் போனில் யாரையோ, யார் பொறுப்பு, யார் பொறுப்புன்னு சொல்லுங்க என்று அதட்டிக்கொண்டிருந்தான். பாப்பாவைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான் போல. கலாமணிக்கு இந்தக் கட்டிலில் கிடப்பவளை ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது, என் பிள்ளையை வைத்துக்கொண்டா நினைத்தாய் என்று கேட்க வேண்டும் போல் இருந்தது, அந்தக் கேள்வி பாதி வழியில் திரும்பி அவளையே பார்த்தது. “எப்ப தெரிஞ்சுது உனக்கு” என்று மட்டும் கேட்டாள். மோகனா யோசித்தாள். “கரண்ட் வந்த ஒடனேங்கக்கா. அருவி உழுகறதுக்கு முன்னாலயே.” அப்படியானால் தனக்கு முன்னால். அருவியை வேடிக்கை பார்த்துவிட்டு அப்புறம்தானே தனக்குக் காலில் தெரிந்தது. இதிலும் இவள்தான் முந்தி என்று கலாமணியின் மனசு கணக்காகச் சொன்னது. சொன்னதைக் கேட்டு அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று தெரியவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கி மோகனா அவள் தலைமேல் வைத்தாள். அக்கா, அக்கா என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று இருந்தது. கனமாக இருந்தது. கலாமணி தட்டிவிடாமல் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.